வாவிக்கு அப்பால் நின்ற நாய்கள்

மட்டக்களப்பு வாவியைச் சூழவுள்ள முஸ்லிம் ஊர்களின் வரலாறு பற்றி நான் வாசித்த நூல்களிலும் விழா மலர்களிலும் நெல் இருக்கிறது, நெசவு இருக்கிறது, மாடு இருக்கிறது, யானைகூட இருக்கிறது. நாய் மட்டும் இல்லை. காரணத்தை வெகுதூரம் சென்று தேட வேண்டியதில்லை. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எமது ஊர்களில் நாய் நஜீஸ். வீட்டில் அதற்கு இடமில்லை. வீட்டில் இடமில்லாதது ஏட்டிலும் இடம்பெறாமற் போயிற்று. ஆனால் 1990 வரைக்கும் இந்த ஊர்களின் செல்வத்தில் கணிசமான பங்கு வாவிக்கு மறுகரையில் கிடந்தது. அங்கே கிடந்த மாட்டையும் கதிரையும் இராக்காலத்தில் காத்து நின்றவற்றுள் நாயும் ஒன்று. அந்த நாய் எப்படிப்பட்ட குணமுடையது, அதை எமது மூத்தோர் எவ்வாறு விளங்கி வைத்திருந்தனர், அந்த விளக்கம் எப்படிக் கைநழுவியது என்பதைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பிரதேசத்தை அறியாத வாசகருக்காக ஒரு வார்த்தை. வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரை, சூரியன் எழும் பக்கமாதலால் எழுவான்கரை. சூரியன் படும் மேற்குக் கரை படுவான்கரை. எழுவான்கரை ஒடுங்கிய மணற்றரை. காத்தான்குடி போன்ற ஊர்களில் வீட்டோடு வீடு ஒட்டி, வேலியோடு வேலி உரசி நிற்கும். படுவான்கரையோ பரந்த வட்டைகளும் குளங்களும் மேய்ச்சற்றரைகளும் காடும். ஆகவே குடியிருப்பு ஒரு கரையில், வயலும் மாட்டுப்பட்டியும் மறுகரையில் என்பது இரு சமூகத்தாருக்கும் பொதுவான வாழ்க்கை முறையாக இருந்தது. மாட்டுக்குச் சொந்தக்காரர் முஸ்லிமாகவும் பட்டியைப் பார்ப்பவர் தமிழராகவும் இருப்பார். சில இடங்களில் இது மறுதலையாகவும் இருக்கும். 1626ஆம் ஆண்டில் கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் பரவலாகச் சொல்லப்படுவது. கடலோர வணிகராய் வந்தவர்கள் காலப்போக்கில் நெல்லும் மாடும் உடையவர்களானார்கள். நெல்லும் மாடும் வந்தால் கூடவே நாயும் வந்தாக வேண்டும்.

எங்கள் மூத்தாப்பாவின் பட்டி படுவான்கரையில் காட்டோரமாக இருந்தது. எட்டு ஒன்பது வயதில் இரண்டொரு முறை அவரோடு தோணியில் போயிருக்கிறேன். திரும்பும்போது தோணித்துறையில் அவர் செய்யும் காரியம் நினைவில் நிற்கிறது. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வாவியின் சேற்றை அள்ளிக் காலிலும் கையிலும் பூசி ஒருமுறை கழுவுவார். பின்னர் வெறும் தண்ணீரால் ஆறுமுறை. ஏழில் ஒன்று மண்ணால் என்பது எமது மத்ஹபின் சட்டம். நாயின் ஈரம் பட்டதோ படவில்லையோ, பேணுதலுக்காகக் கழுவுவார். முகத்தில் அருவருப்பு ஏதும் இராது. களவெட்டியிலிருந்து வருபவன் சுணை போகக் கழுவுவது போலத்தான். கழுவிவிட்டுத் தோணியில் ஏறிய பிறகும் அந்த நாய்களைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார். எது முதலில் குலைத்தது, எது சும்மா கிடந்தது என்று.

நஜீஸ் என்பது சுத்தம் பற்றிய சட்டம்; அது வெறுக்கும்படி இடப்பட்ட கட்டளை ஆகாது. இந்த வேறுபாடு எமது மூத்தோருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, இன்று மங்கிவிட்டது. மத்ஹபுகளுக்கிடையேகூட இதில் ஒரே கருத்து இல்லை. மாலிகீகள் நாயைச் சுத்தமானதாகவே கொள்கின்றனர். ஹனபீகளுக்கு அதன் எச்சில்தான் அசுத்தம். நாம் கடைப்பிடிப்பது இமாம் ஷாபிஈ அவர்களின் கடுமையான நிலைப்பாடு. ஆயினும் அந்தக் கடுமைக்குள்ளேயே ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்று எச்சரிக்கும் நபிமொழி, மூன்று நாய்களுக்கு விலக்களிக்கிறது: கால்நடையைக் காக்கும் நாய், வேட்டை நாய், பயிர் நிலத்து நாய். இதில் பயிர் நிலத்து நாயைச் சேர்த்து அறிவித்தவர் அபூஹுறைறா (றழி). அது இப்னு உமர் (றழி) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, அபூஹுறைறாவுக்குப் பயிர் நிலம் இருந்தது என்று அவர் குறிப்பிட்டார். சிலர் இதைச் சந்தேகக் குரலாக வாசிக்க முனைவர். 1277இல் மறைந்த இமாம் நவவீ, முஸ்லிம் கிரந்தத்திற்கு எழுதிய விரிவுரையில் இதற்குத் தரும் விளக்கம் வேறு: நிலம் உள்ளவனுக்குத்தான் நிலத்து நாய் பற்றிய சட்டம் தேவைப்படும், தேவைப்படுபவன் அதைக் கவனமாகக் கேட்டு மனத்திருத்துவான். ஓர் ஆசிரியன் என்ற வகையில் இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வயற்காரன் மகனுக்கு நெல்லைப் பற்றிய கணக்கு எவ்வளவு சீக்கிரம் பிடிபடும் என்பதை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மூன்று விலக்குகளும் படுவான்கரையில் நின்ற மூன்று நாய்களோடு அப்படியே பொருந்துகின்றன. பட்டி நாய், வட்டை நாய், வேட்டை நாய். மூன்றும் ஒரே ஊர் நாய்ச் சாதியிலிருந்து எடுத்த குட்டிகள்தாம். குணம் மட்டும் மூன்று விதம்.

வேட்டை நாயை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். எமது மக்களுக்கு அதனோடு இருந்த பழக்கம் மிகக் குறைவு. அது பெரும்பாலும் வேடர்களின் சொத்து. செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோர வேடர்களைப் பற்றியும் எழுதியிருக்கின்றனர். வேட்டை நாயின் குணத்துக்கு அளவுகோல் எது என்பதைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயமும், அதீ இப்னு ஹாத்திம் (றழி) கேட்ட கேள்விக்கு நபியவர்கள் (ஸல்) அளித்த பதிலும் சொல்கின்றன. பயிற்றப்பட்ட நாய் பிடித்ததை உண்ணலாம். ஆனால் நாய் அதிலிருந்து தானே தின்றிருந்தால் உண்ணக்கூடாது. ஏனெனில் அது தனக்காகப் பிடித்திருக்கிறது. வாயில் இரையிருக்க, பசியும் இருக்க, எசமானுக்காகப் பொறுத்து நிற்கும் நாய்தான் பயிற்றப்பட்ட நாய். வேகத்தையும் பல்லையும் பற்றி அங்கே பேச்சே இல்லை. அடக்கம்தான் அளவுகோல்.

இனிப் பட்டி நாய். பட்டிக்காரர்கள் குட்டியை எடுக்கும் விதம் பற்றி எங்கள் வாப்பா சொன்னதையும், பின்னாளில் படுவான்கரை முதியவர்கள் சிலரிடம் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். கண் திறந்து தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய குட்டியைத் தாயோடு பட்டிக்குக் கொண்டு வருவார்கள். அல்லது பட்டியிலேயே ஈன்ற குட்டியை வைத்துக்கொள்வார்கள். கன்றுகளை அடைக்கும் கூட்டுக்குள்ளேயே அதற்கும் படுக்கை. கறந்த பாலில் கொஞ்சம், சோற்றுக் கஞ்சியில் கொஞ்சம். இறைச்சி கொடுப்பது அபூர்வம். பிள்ளைகள் தூக்கி விளையாட விடமாட்டார்கள். கன்றின் வாலைக் கடித்து இழுத்தால் உடனே ஒரு அதட்டு. இரண்டாம் முறையும் இழுத்தால் பட்டிக்கு ஆகாது என்று கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் குட்டிக்குத் தன் கூட்டம் எது என்பது தெரிந்துவிடும். கன்றின் மூச்சும் சாணத்தின் வாடையும்தான் அதன் வீடு.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்தபோது, கொன்றாட் லோறன்ஸின் பின்னால் வரிசையாக நடந்த வாத்துக் குஞ்சுகளைப் பற்றி விரிவுரை நடந்தது. பொரித்தவுடன் கண்டதைத் தாயென்று கொண்ட குஞ்சுகள். எனக்கு அப்போது நினைவு வந்தது பட்டிக் குட்டிகள்தாம். நாய்க்குட்டிகளில் இதை ஸ்கொட், புல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையான காலத்தில் குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே தன் சுற்றமாக ஏற்கிறது. அந்தக் காலம் போனால் பிறகு எளிதில் ஒட்டாது என்பது அவர்கள் கண்டது. பட்டிக்காரரின் மூன்று மாதக் கணக்கும் அதுதான்.

இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. சார்ள்ஸ் டார்வின் தமது கடற்பயணத்தில் 1833இல் இன்றைய உருகுவே நாட்டில் கண்ட ஆட்டு நாய்களைப் பற்றி எழுதியிருக்கிறார். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து ஆட்டிடமே பால் குடிக்க விடுவார்களாம். கம்பளியில் படுக்கை. மற்ற நாய்களோடும் பிள்ளைகளோடும் சேர விடுவதில்லை. வளர்ந்த பின் அந்த நாய் இறைச்சித் துண்டு வாங்கப் பண்ணை வீட்டுக்கு வரும்போது, வீட்டு நாய்கள் சிறியதும் பெரியதுமாய் அதைத் துரத்தும். அதுவும் வெட்கப்பட்டது போல ஓடும். ஆனால் மந்தையை எட்டியதும் திரும்பி நின்று ஒரு குரல் கொடுக்குமாம். துரத்தி வந்த அத்தனை நாய்களும் வந்த வழியே ஓட்டம் பிடிக்கும். நாய் ஒன்றுதான். வீட்டு வாசலில் கோழை, மந்தையருகே வீரன். காவல் நாயின் துணிச்சல் அதன் உடம்பில் மட்டும் இருப்பதில்லை, அது நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் றேமண்ட் கொப்பிங்கரும் அவரது மனைவி லோர்னாவும் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பா, துருக்கி நாடுகளின் காவல் நாய்க் குட்டிகளைப் பண்ணையாளரிடம் கொடுத்துப் பல ஆண்டுகள் அவதானித்தனர். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் கண்ட இலக்கணம் மூன்று. மந்தையின் மீது கவனமாக இருத்தல், மந்தைக்குத் தீங்கு செய்யாதிருத்தல், காத்தல். காத்தல் கடைசியில்தான் வருகிறது. முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவது தானே வரும். துருக்கியின் சிவாஸ் மாகாணத்துக் கங்கால் என்ற ஊர் தன் பெயரையே ஒரு நாயினத்துக்குக் கொடுத்திருக்கிறது. கழுத்தில் முள் வளையம் பூண்டு ஓநாயை எதிர்த்து நிற்கும் நாய் அது. அதை வளர்க்கும் அனத்தோலிய இடையர்களும் தொழுகையாளிகளே. அதே வழி நாய்கள் 1994 முதல் நமீபியாவில் ஆட்டு மந்தைகளைக் காக்கக் கொடுக்கப்பட்டன. நாய் நின்ற மந்தையை விட்டுச் சிறுத்தைப்புலி விலகிப் போகிறது. விவசாயி அதைச் சுட வேண்டிய தேவையும் குறைகிறது.

அப்படியொரு பேருடல் நாய் இலங்கையில் ஏன் உருவாகவில்லை? விடையின் ஒரு பகுதி றொபேட் நொக்ஸிடம் இருக்கிறது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த அந்த ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், இங்குள்ள விலங்குகளையும் இல்லாத விலங்குகளையும் பட்டியலிடுகிறார். இல்லாதவற்றில் ஓநாயும் உண்டு, செம்மறியும் உண்டு. ஓநாயில்லாத தீவில் ஓநாய் கொல்லும் நாய்க்கு வேலையில்லை. எமது பட்டிக்கு வந்த பகை நரி, சிறுத்தை, மாட்டுக் கள்வர், எல்லாவற்றுக்கும் மேலாக யானை. நரியை ஊர் நாய் விரட்டும். சிறுத்தைக்கு நாயே இரை. யானையிடம் நாய்க்கு ஒரு வேலையும் இல்லை. வாயைத் திறந்தால் கேடுதான்.

இங்கேதான் எமது பிரதேசத்து அறிவு மற்ற நாட்டு நூல்களில் சொல்லப்படாத இடத்துக்கு வருகிறது. யானைக் காட்டில் துணிச்சலான நாய் எசமானுக்குப் பகை. அது யானையைக் கண்டு பாய்ந்து போய்க் குலைக்கும். யானை கோபித்துத் திரும்பும். நாய் எங்கே ஓடும்? தனக்குப் பாதுகாப்பான இடத்துக்கு, அதாவது எசமானின் வாடிக்கு. பின்னால் யானையும் வரும். ஆகவே பட்டிக்காரர் தெரிந்தெடுத்தது தூரத்தில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் பின்வாங்கும் நாயை. புதுச் சத்தம் கேட்டால் முதலில் ஓடி, பின்னர் நின்று, திரும்பிப் பார்க்கும் குட்டிதான் நல்ல குட்டி. ஓடாதது மடையன், நில்லாதது கோழை. மூத்தாப்பா வாப்பாவுக்குச் சொன்னதாக எங்கள் வீட்டில் வழங்கும் வார்த்தை இது: “மனே, நாய் சண்டை பிடிக்கிறதுக்கு இல்ல. எழுப்புறதுக்கு. சண்டை மனிசன்ட வேலை.”

யானையின் குணம் அறிந்த பணிக்கர்கள் எமது ஊர்களில் இருந்தவர்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். யானை பிடிப்பதில் தீவிலேயே தேர்ந்தவர்கள் வடக்கு, வடகிழக்கு முஸ்லிம் ஊர்ப் பணிக்கர்கள் என்று 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். ஏறாவூர்ப் பணிக்கர் பற்றிய கதைகளை இன்றும் கேட்கலாம். காட்டு விலங்கின் குணத்தைப் படிப்பது எமது மக்களுக்கு அந்நியமான கலையாக இருந்ததில்லை. அதே டெனன்ட் ஊர் நாய்களைப் பற்றி எழுதும்போது, அவை ஐரோப்பிய நாய்களின் வழிவந்த கலப்புப் பிறவிகள், உரிமை கோருவாரற்ற இழிந்த கூட்டம் என்ற பாணியில் தள்ளிவிடுகிறார். வம்சம் பற்றி அவர் சொன்னது பிழை. தென்னாசியாவின் கிராம நாய்கள் நெடுங்காலமாக இங்கேயே நிலைத்த பழைய பரம்பரையைச் சேர்ந்தவை என்பதை இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. உரிமை கோருவார் இல்லை என்பதும் கொழும்புத் தெருவில் நின்று பார்த்த பார்வை. படுவான்கரையில் ஒவ்வொரு நாயும் எந்தப் பட்டியின் நாய் என்பது மற்றப் பட்டிக்குத் தெரியும்.

அவர் காலத்திலேயே நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து மரை வேட்டையாடினார். அவரது நூலை வாசிப்பவர், அஞ்சாத அந்த நாய்கள் மரையின் கொம்பிலும் பன்றியின் தந்தத்திலும் சிறுத்தையின் பிடியிலும் ஒன்றன்பின் ஒன்றாய் மாள்வதைக் காண்பார். அவர் அதை வீரமாகவே எழுதிச் செல்கிறார். எங்கள் பட்டிக்காரர் வாசித்திருந்தால் தலையில் கைவைத்திருப்பார்.

வட்டை நாயின் வேலை இதிலும் சற்று வேறு. கதிர் பால் பிடிக்கும் காலத்திலிருந்து சூடு வைத்து மிதித்து முடியும்வரை இரவில் பன்றிக் காவல். முல்லைக்காரனும் கூலிக்காரரும் பரணில் இருப்பார்கள், கீழே நெருப்பு, நெருப்படியில் நாய். பட்டி நாய்க்குக் காக்கவொரு கூட்டம் உண்டு. வட்டை நாய்க்கு இருப்பது வெறும் எல்லை. வரம்பு தாண்டிப் பன்றியைத் துரத்திக்கொண்டு அடுத்த வயலுக்குள் இறங்கினால் பயிர் மிதிபடும், பக்கத்து வயற்காரரோடு வழக்கு வரும். ஆதலால் வரம்புவரை ஓடி நின்று குலைக்கும் நாய்க்கே மதிப்பு. முஸ்லிம் போடியாரின் வயலில் நாய் மடக்கிய பன்றியைத் தமிழ்க் கூலிக்காரர் கொண்டு போவார்கள். போடியாருக்குப் பயிர் தப்பியது போதும். இதில் யாருக்கும் மனக்கசப்பு வந்ததாக நான் கேட்டதில்லை. தமிழ் ஊர்களில் நாய் வைரவரின் வாகனம். இங்கே நஜீஸ், அங்கே வாகனம். நடுவில் வட்டையில் அது காவற்காரன்.

வாடிக்குள் தொழுகைப் பாய் இருக்கும். நாய் உள்ளே வராது. வாசலில் குறுக்கே ஒரு மரக்குற்றி கிடக்கும், அதற்கு அப்பால்தான் அதன் இடம். குட்டியாக இருக்கும்போதே இரண்டு நாளில் பழக்கிவிடுவார்கள். இரவெல்லாம் அந்தக் குற்றியில் முன்னங்காலை நீட்டிக்கொண்டு, முதுகை உள்ளே காட்டி, முகத்தை இருட்டுக்குக் காட்டியபடி கிடக்கும். அல்கஹ்பு அத்தியாயத்தில் குகைத் தோழர்களின் நாய் இருப்பதும் வாசற்படியில்தான், முன்னங்கால்களை நீட்டியபடி. தோழர்களின் தொகை பற்றிய பேச்சு வருமிடத்தில் ஒவ்வொரு கணக்கோடும் நாயும் சேர்த்தே எண்ணப்படுகிறது. வெள்ளிதோறும் இந்த அத்தியாயத்தை ஓதும் நாம் அந்த இருப்பிடத்தைக் கவனித்தோமா தெரியாது. உள்ளேயும் இல்லை, தெருவிலும் இல்லை. காவல் நாயின் குணம் விளைவது அந்தப் படியில். முற்றாக உள்ளே எடுத்தால் அது காப்பதை மறந்து கொஞ்சலைத் தேடும். முற்றாக வெளியே தள்ளினால் காக்க ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் பகையாகப் பார்க்கும். எமது சட்டத்தின் கடுமை, உண்மையில், நாய்க்குச் சரியான இடத்தைப் பிடித்துக் கொடுத்தது என்று நான் சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். வாடியைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நாயைப் பற்றி எழுதுவது முஸ்லிம் எழுத்தாளனுக்கு இழுக்கு என்று கருதுவோருக்கு இரண்டு பெயர்களை மட்டும் நினைவூட்டிக் கடந்து செல்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸறாவின் ஜாஹிழ் எழுதிய விலங்குகள் நூலில் நாயின் கட்சிக்காரனும் சேவலின் கட்சிக்காரனும் பக்கம் பக்கமாக வழக்காடுகிறார்கள். 921இல் மறைந்த பக்தாதின் இப்னுல் மர்ஸுபான், ஆடை அணிந்தோர் பலரைவிட நாய் மேல் என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார்.

1990இல் எல்லாம் அறுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 12ஆந் திகதி ஏறாவூரிலும் நடந்தவற்றை இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது. அதன் பின் எமது மக்களுக்குப் படுவான்கரை இல்லாமற் போயிற்று. உன்னிச்சை போன்ற இடங்களில் குடியிருந்தவர்களும் வெளியேறினார்கள். வயல்கள் காடு மண்டின. பட்டிகள் கலைந்தன. மாடுகள் பிடிபட்டன, சுடப்பட்டன, காடேறின. அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனங்களும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அலைந்தார்கள். எங்கள் பட்டியில் என்ன மிஞ்சியது என்று பார்த்து வரக்கூட யாரும் போகவில்லை. மூத்தாப்பா இழந்த மாடுகளின் கணக்கைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்; குறியோடு, நிறத்தோடு, ஈற்றோடு. நாய்களைப் பற்றி ஒரு நாள்தான் வாய் திறந்தார். “அதுகள் போயிராது. பட்டியடியிலதான் கிடந்திருக்கும். அதுகளுக்கு வேற இடம் தெரியாது.”

2007இல் கிழக்கில் போர் ஓய்ந்து, 2009இல் நாடு முழுவதும் ஓய்ந்த பின் கொஞ்சம் கொஞ்சமாகப் போக்குவரத்துத் திரும்பியது. 2014இல் மண்முனையில் பாலமும் வந்தது. ஆனால் இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறை, போய்விட்டது. எனது வயதுக்காரர் வாவியின் மறுகரையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம், அங்கே போகாமல். வட்டை எங்கே என்று உறுதியில் இருக்கும். வட்டையில் எப்படி இரவு கழிப்பது என்பது எந்த உறுதியிலும் இராது. மேய்ச்சற்றரையின் நிலைமையோ வேறொரு வழக்கு. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தமது மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்தை வாசகர் அறிவர்.

எழுவான்கரையில் எமது பிள்ளைகளுக்குத் தெரிந்த நாய் இப்போது ஒன்றே ஒன்று: குப்பைமேட்டு நாய். யாருடைய வாசற்படியும் அதற்கு இல்லை. கண்டால் கல் எடுப்பது என்பது பிள்ளைகளுக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. கல் பட்ட நாய் அடுத்த பிள்ளையைக் கண்டதும் பல்லைக் காட்டுகிறது. அதைக் கண்டு மற்றப் பிள்ளைகள் இன்னும் கல் எடுக்கின்றன. நீர்வெறுப்பு நோய்ப் பயமும் பொய்யானதில்லை. இந்நாட்டில் 1893இலேயே அதற்கென ஒரு கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் வந்தன. 1973இல் மட்டும் 377 பேர் அந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடப் போட அந்தத் தொகை பத்திலொரு பங்குக்குக் கீழே இறங்கியது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு 2006இல் நிறுத்தியது. கொல்லாமல் விட்டது சரிதான். ஆனால் கொல்லாமல் விடுவதோடு எமது கடமை முடிந்தது போல இருக்கிறோம். தடுப்பூசி போடும் நாளில், எங்கள் ஒழுங்கையில் நாய்க்கு உரித்தாளி என்று கையெழுத்திட ஒருவரும் முன்வருவதில்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட ஹதீஸை அதே ஒழுங்கைப் பள்ளியில் கேட்டுவிட்டு வருகிறோம்.

மறுபுறம், வசதி வந்த சிலர் வெளிநாட்டு இன நாய்களைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி மதிலுக்குள் சங்கிலியில் கட்டுகிறார்கள். வீட்டுக் காவலுக்கும் நாய் வைக்கலாம் என்பதை இமாம் நவவீ ஏற்றிருக்கிறார். வைப்பதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் இனத்தின் பெயரைக் கேட்டுக் குணத்தை வாங்க முடியாது. 2022இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் பற்றிய விபரங்களைத் திரட்டி, நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கே என்று கண்டது. மிச்சம் குட்டியிலே யாரோடு வளர்ந்தது, என்ன வேலை கொடுத்தார்கள், எங்கே படுக்க விட்டார்கள் என்பவற்றில் பெரிதும் தங்கியிருக்கிறது. சங்கிலியில் கட்டுண்டு, காக்க ஒரு கன்றுமில்லாமல், வருபவர் போபவரையெல்லாம் பார்த்து வெறிகொண்டு குலைக்கும் நாய் காவல் நாய் அன்று. அது கைதி. மூத்தாப்பாவின் பட்டியில் அப்படிக் குலைத்த நாயை ஒரு கிழமைகூட வைத்திருக்கமாட்டார்கள். ஓயாமல் குலைப்பது எப்போதும் பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம், உண்மை வரும் இரவில் யாரும் எழும்பமாட்டார்கள்.

சென்ற வருடம் மாரி முடிந்து வெயில் கொளுத்தத் தொடங்கிய நாட்களில், எங்களூர் மாட்டுக்காரர் ஒருவரோடு அவரது பட்டிக்குப் போனேன். பட்டியைப் பார்ப்பவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞர். அவரது அப்பாவும் அந்தப் பகுதியில் பட்டி பார்த்தவராம். இந்தக் காலத்தில் பட்டியைச் சுற்றி மின்வேலிக் கம்பி ஓடுகிறது, கையில் தொலைபேசி இருக்கிறது. கன்றுக் கூட்டுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் குட்டியொன்று, இரண்டு மாதமிருக்கும், ஒரு கன்றின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. மாட்டுக்காரர் கையிலிருந்த தகரப் பேணியைச் சும்மா நிலத்தில் போட்டார். குட்டி துள்ளியெழுந்து கன்றுகளுக்குப் பின்னால் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. நான் கிட்டப் போனேன். “சேர், அதைத் தொட வேணாம்” என்றார் அந்த இளைஞர். என் ஒழுவைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்து, “கழுவிக்கொள்ளலாம், தம்பி” என்றேன்.

“அதுக்கில்ல சேர். உங்கட மணம் அதுக்குப் பழகிப்போயிரும். பிறகு உங்கட ஊரால ஆர் வந்தாலும் குலைக்காது.”